ஒரே எண், இரண்டு விலை

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ஏலம் ஒன்றில் 1794ஆம் ஆண்டின் ஒரு சென்ட் செப்புக் காசுகள் இரண்டு வந்தன. இரண்டுக்கும் ஒரே தர எண். ஆனால் ஒன்று மற்றதைவிட மூன்று மடங்கு விலைக்குப் போயிற்று. ஏன்? கருத்த காசொன்றை மலிவாக வாங்கிப் புளியிட்டுத் துலக்கலாமா?

ரா.

அன்புள்ள ரா.,

தயவுசெய்து துலக்காதீர்கள். இருநூறு ஆண்டுகளாகச் செம்பின் மேல் படிந்த வழவழப்பான பழுப்பைத்தான் சேகரிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். புளி அதைக் கரைத்துவிட்டால் அடியில் தெரியும் இளஞ்சிவப்பைப் பழகிய கண் உடனே கண்டுகொள்ளும். பச்சையாகப் பூக்கும் களிம்பு வேறு, அது உலோகத்தையே அரிப்பது. (சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்கு அதைத்தானே உவமை சொன்னார்கள்!)

1 (மிகத் தேய்ந்தது) முதல் 70 (குறையற்றது) வரையிலான அந்தத் தர எண்ணை இக்காசுகளுக்காகவே 1949இல் வகுத்தவர் காசு சேகரிப்பாளரான வில்லியம் ஷெல்டன். மிகத் தேய்ந்த காசுக்கு ஓர் அடிப்படை விலை வைத்து, அதைத் தர எண்ணால் பெருக்கினால் காசின் விலை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. சந்தை அந்தக் கணக்கைக் கைவிட்டுவிட்டது, எண்ணை மட்டும் வைத்துக்கொண்டது. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு தம்முடைய மட்டமானவற்றை அங்கே வைத்தவர் அவர் என்பது பின்னாளில் வெளிப்பட்டது தனிக் கதை.

விலை வேறுபாட்டுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அன்று ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையில் அச்சுகளைக் கையால் வெட்டினார்கள். அதனால் 1794ஆம் ஆண்டுக்கு மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அச்சு வகைகள் உண்டு. பின்பக்க விளிம்பைச் சுற்றி 94 நுண்ணிய நட்சத்திரங்கள் கொண்ட வகை கிடைத்தால், தேய்ந்திருந்தாலும் போட்டி கடுமையாகிவிடும். மற்றொன்று, மேற்பரப்பு. 1967இல் தொடங்கப்பட்ட தொல் அமெரிக்கச் செப்புக்காசுச் சங்கத்தினர் முதலில் தேய்மானத்தை மட்டும் பார்த்து ஓர் எண் இட்டு, பிறகு அரிப்பு, கீறல், துலக்கிய தடம் ஆகியவற்றுக்காக அதைக் குறைப்பார்கள். ஆகவே அவர்களது எண், தரம் பார்க்கும் நிறுவனங்கள் காசை அடைத்துத் தரும் பிளாஸ்டிக் உறையின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஏலத்தில் கை உயர்த்துபவர்களில் பலர் மனத்தில் வைத்திருப்பது அந்தக் குறைந்த எண்ணைத்தான்.

நான் ஒருமுறை படத்தை மட்டும் நம்பி வாங்கிய காசை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது, முகப்பில் உள்ள சுதந்திர தேவியின் கூந்தலுக்குப் பின்னுள்ள வெற்றிடம் முழுவதும் ஊசி குத்தியதுபோல் பள்ளமாக இருந்தது. நீங்கள் படத்தைப் பெரிதாக்கி முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். ஏலக்கூடம் விலைக்கு மேல் வாங்குபவரிடம் கேட்கும் ஐந்தில் ஒரு பங்கு அளவிலான கட்டணத்தையும் சேர்த்தே உங்கள் உச்ச விலையை முடிவு செய்யுங்கள்.