திரையில் பழகிய கை

கேள்வி: பித்தப்பைக் கல்லுக்காக எனக்கு லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார்கள். இளம் மருத்துவர்கள் இப்போது கணினித் திரையில்தான் முதலில் பழகுகிறார்களாமே? வீடியோ விளையாட்டு போன்ற ஒன்றில் பழகிய கையை நம்பலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் ஐயம் நியாயமானதே. இந்தச் சிகிச்சையில் சிறு துளைகள் வழியே நீண்ட கருவிகளைச் செலுத்துகிறார்கள். வயிற்றுச் சுவரே அச்சாகிவிடுவதால், கைப்பிடியை வலப்புறம் நகர்த்தினால் உள்ளே இருக்கும் முனை இடப்புறம் செல்லும். உள்ளே செலுத்திய கேமராவின் படத்தைத் திரையில் பார்த்தே வேலை செய்ய வேண்டும்; வழக்கமான திரையில் ஆழம் சரியாகத் தெரியாது. திசுவின் இறுக்கமும் விரலுக்கு முழுமையாக எட்டாது. எத்தகைய திறமைசாலிக்கும் தொடக்கத்தில் இதில் தடுமாற்றம் இருக்கும். அந்தத் தடுமாற்றம் நோயாளியின் வயிற்றுக்குள் நிகழ வேண்டியதில்லை என்பதற்காகவே இந்தப் பயிற்சி வந்தது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2002இல் வெளியாயின. பயிற்சி மருத்துவர்கள் 16 பேரில் ஒரு பிரிவினர், அனுபவமிக்க மருத்துவர்களின் தரத்தை எட்டும்வரை கணினிக் கருவியில் பழகினர்; மற்றவர்கள் வழக்கமான பயிற்சி மட்டுமே பெற்றனர். பின்னர் இரு பிரிவினரும் உண்மையான நோயாளிகளிடம் பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்தபோது, கருவியில் பழகியவர்கள் அதை 29 விழுக்காடு விரைவாக முடித்தார்கள். பழகாதவர்களிடம் பித்தப்பையைக் காயப்படுத்துவதற்கோ வேறு திசுவைச் சுட்டுவிடுவதற்கோ உள்ள வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. ஆய்வு சிறியதுதான்; ஆயினும், இத்தனை மணி நேரம் பழகினால் போதும் என்று விட்டுவிடாமல், தரத்தை எட்டும்வரை பழக வைத்ததே அதன் சிறப்பு என்பேன். இதற்கு விலையுயர்ந்த கணினிதான் வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பெட்டி, ஒரு கேமரா, சில ரப்பர் துண்டுகள் இருந்தாலே அடிப்படைக் கைத்திறனை வளர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் எதிர்பாராத இரத்தக்கசிவையும், அழற்சியால் உறுப்புகள் ஒட்டிக்கிடப்பதையும் கண்டு எப்போது நிறுத்துவது, எப்போது வயிற்றைத் திறப்பது என்று முடிவெடுக்கும் பக்குவம், மூத்தவர் ஒருவரின் அருகில் நின்று பல அறுவை சிகிச்சைகளில் பங்கேற்றால்தான் வரும். எனவே, உங்களுக்கு அறுவை செய்யப்போவது யார், அவர் பயிற்சியில் இருப்பவரானால் அனுபவமிக்க மருத்துவர் முழு நேரமும் உடனிருப்பாரா என்று தயங்காமல் கேளுங்கள்.