விமானம் கிளம்பும் முன்பே விழும் இடம் முடிவாகிவிட்டது

கேள்வி: நீலகிரியில் கேத்தி பக்கம் பிக்கப் வேன் ஓட்டுகிறேன். ராத்திரியில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவேன். லோடு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் டிரைவர்கள் நாலைந்து பேர் போனில் விமான ஆட்டம் ஆடுகிறோம். விமானம் ஏற ஏறப் போட்ட பணம் 1.2 மடங்கு, 1.8, 3 என்று பெருகும். அது பறந்து மறைவதற்குள் எடுத்துவிட வேண்டும். ஆட்டம் நேர்மையானது, நீங்களே சரிபார்க்கலாம் என்று ஆப்பிலேயே போட்டிருக்கிறது. அப்படியானால் ஏமாற்று இல்லைதானே? எப்போதும் 1.5-இல் எடுத்தால் நஷ்டமே வராது என்கிறான் கூட்டாளி. டெலிகிராமில் சிக்னல் தருகிறார்களே, நம்பலாமா? இப்போது 4,800 ரூபாயை வெளியே எடுக்கப் போனால், முதலில் வரி கட்டச் சொல்கிறது ஆப்.

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வரியைக் கட்டாதீர்கள். ஜெயித்த பணத்துக்கு வரிப் பிடித்தம் என்றால் அந்தப் பணத்திலிருந்தே கழித்துக்கொண்டு மீதியைத் தருவதுதான் முறை. தனியாக அனுப்பு, அப்புறம் விடுவிக்கிறேன் என்பது மோசடிக்காரர்களின் பேச்சு. கட்டினால் அடுத்து இன்னொரு கட்டணம் வரும். இன்றைக்கே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து, பணம் போன யூபிஐ முகவரி, தேதி, தொகை எல்லாவற்றையும் சொல்லிப் புகார் பதியுங்கள். தாமதித்தால் பணம் நாலு கணக்கு தாண்டிப் போய்விடும்.

இனி நேர்மைக்கு வருவோம். அந்தச் சரிபார்ப்பு வெறும் கண்கட்டு இல்லை. முறையாக நடத்தும் ஆட்டங்களில் அது நிஜமாகவே வேலை செய்கிறது. விமானம் கிளம்புவதற்கு முன்பே சர்வர், அதாவது ஆட்டத்தை நடத்தும் கம்பெனியின் கணினி, ஒரு ரகசியச் சொல்லை எடுத்துவைத்துக்கொள்ளும். விதை என்பார்கள். அதை வெளியே சொல்லாது. அதன் கைரேகையை மட்டும் காட்டும். ஷா-256 என்ற கணக்கில் அந்தக் கைரேகை எண்ணும் எழுத்துமாக 64 குறிகள் வரும். கைரேகையை வைத்து ஆளின் முகத்தை வரைய முடியாது; ஆள் நேரில் வந்தால் ஒட்டிப் பார்க்கலாம். ஆட்டம் முடிந்ததும் சர்வர் விதையை வெளியிடும். நீங்கள் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, முன்பு காட்டிய 64 குறிகளும் வந்தால், நடுவில் மாற்றவில்லை என்று அர்த்தம். விதையில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கைரேகை அடையாளமே தெரியாமல் மாறிவிடும்.

சர்வர் தனக்குத் தோதான விதையாகப் பொறுக்கி எடுத்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஏவியேட்டர் என்ற பிரபலமான விமான ஆட்டத்தில் அந்தச் சுற்றில் முதலில் பந்தயம் கட்டிய மூவரின் விதைகளும் சர்வர் விதையோடு கலக்கும். எல்லாம் சேர்ந்த கணக்கில் வரும் எண்ணே விமானம் விழும் இடம். ஆகவே நீங்கள் திரையில் பார்க்கும் விமானம் வெறும் பொம்மைப்படம். அது ஏறத் தொடங்கும்போதே முடிவு எழுதியாகிவிட்டது. நீங்கள் நூறு ரூபாய் போட்டதையோ பத்தாயிரம் போட்டதையோ பார்த்து அது விழுவதில்லை.

இவ்வளவுதான் அந்த நேர்மை. சுற்றின் முடிவைப் பாதியில் மாற்றவில்லை என்பதற்கு மட்டுமே அது சாட்சி. பக்கவாட்டில் ஓடும் பட்டியலில் யாரோ லட்சம் எடுத்ததாகக் காட்டுகிறதே, அது நிஜ ஆளா என்று அது சொல்லாது. ஜெயித்த பணம் கைக்கு வருமா என்றும் சொல்லாது. உங்கள் 4,800 அதற்குச் சாட்சி. போலி ஆப்பாக இருந்தால் சரிபார்க்கும் பக்கமே போலியாக இருக்கலாம். நீங்கள் பொத்தானை அழுத்திய நேரமும் கணக்கில் வராது, அந்த அழுத்தல் சர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரமே கணக்கு. மலைச் சாலையில் ஒரு வளைவுக்கு மறு வளைவில் டவர் போய்விடும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முக்கியமானது இதற்கு அடுத்தது. புள்ளியியல் பாடம் நடத்தியவன் என்பதால் கரும்பலகை இல்லாமல் எனக்குக் கை ஓடாது. அதற்குப் பதில் ஒரு டீத்தூள் டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். 1 முதல் 100 வரை நூறு சீட்டு எழுதி உள்ளே போட்டுக் குலுக்குங்கள். ஒரு சீட்டை எடுங்கள். 97-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் விமானம் ஏறிய உயரம். 50 வந்தால் 1.94. 25 வந்தால் 3.88. 10 வந்தால் 9.7. அதிசயமாக 1 வந்தால் 97 மடங்கு. 98, 99, 100 வந்தால் கிளம்பிய இடத்திலேயே விழுந்துவிட்டது, எல்லோர் பணமும் போச்சு. சீட்டைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். போட்ட பணத்தில் சராசரி 97 சதவீதம் ஆட்டக்காரர்களுக்குத் திரும்பும் என்று ஏவியேட்டர் அறிவித்திருப்பதன் எலும்புக்கூடு இந்த டப்பாதான். அங்கே சீட்டுகள் கோடிக்கணக்கில், அவ்வளவே.

ஒவ்வொரு முறையும் 100 ரூபாய் வைத்து 1.94-இல் எடுப்பவர் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். 50 அல்லது அதற்குக் கீழே உள்ள எண் வந்தால் ஜெயிப்பு. நூறு முறையில் சராசரி ஐம்பது முறை 194 கிடைக்கும்: 9,700. பேராசைப்பட்டு 9.7-க்குக் காத்திருந்தால் பத்து முறை 970: அதுவும் 9,700. 97 மடங்குக்குக் காத்திருந்தால் ஒரே முறை, 9,700. எங்கே எடுத்தாலும் போட்ட பத்தாயிரத்தில் முந்நூறு காணாமல் போகிறது. தைரியசாலிக்கும் பயந்தாங்கொள்ளிக்கும் ஒரே வெட்டு. இந்த ஆட்டத்தை உருவாக்கியவரின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது. ஆட்டக்காரனுக்குத் தன் கையில் ஏதோ முடிவு இருப்பதாகத் தோன்ற வேண்டும், ஆனால் எந்த முடிவும் கணக்கை மாற்றக்கூடாது.

உங்கள் கூட்டாளியின் 1.5-க்கும் இதே கதி. ஆயிரம் ஆட்டத்தில் சராசரி 647 முறை ஜெயிப்பார், தலா 50 ரூபாய் லாபம்: 32,350. மீதி 353 முறையில் தலா 100 போகும்: 35,300. மூன்றில் இரண்டு முறை ஜெயிக்கிற ஆள் நஷ்டத்தில் இருப்பதை மனசு ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் இது நீடிக்கிறது.

தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாக வைப்பது என்று இன்னொரு உத்தி மண்டி வட்டாரத்திலும் நிச்சயம் வந்திருக்கும். 2 மடங்கில் எடுப்பதாக வைத்து 100, 200, 400 என்று போனால், தொடர்ந்து எட்டு முறை தோற்றதும் 25,500 ரூபாய் போயிருக்கும். எட்டு முறை தொடர்ந்து தோற்பது அபூர்வம் இல்லை. சராசரியாக நானூற்றுச் சொச்சம் சுற்றுக்கு ஒரு தடவை வரும். அதற்குள் நூறு நூறாகச் சேர்த்தது இருபதாயிரம் இருக்கும். கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்ண வண்ணமாக மேலே ஓடும் பழைய முடிவுகளைப் பார்த்து, இனி பெரியது வரும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தப்பு சுலபமாக வரும், ஏனென்றால் நம் தொழிலில் அது தப்பு இல்லை. கேரட்டை இன்றைக்குப் பிடுங்குவதா, இன்னும் நாலு நாள் மண்ணில் விடுவதா என்று பார்க்கிறவர் நேற்றைய விலையைப் பார்த்தே ஆகவேண்டும். மழை, கர்நாடகத்து லோடு, கல்யாண சீசன் என்று ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் பின்னால் காரணம் இருக்கிறது. டப்பாவுக்குள் அப்படி ஒன்றும் இல்லை. போன முறை என்ன சீட்டு வந்தது என்பது சீட்டுக்குத் தெரியாது.

நூற்றுக்கு மூன்றுதானே, ஏலச் சீட்டில் கமிஷன் போகிறதே என்று தோன்றலாம். வேகத்தைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு இருபது விநாடி என்று வைத்தால் மணிக்கு 180 சுற்று. சுற்றுக்கு 100 ரூபாய் என்றால் 18,000 ரூபாய் புரண்டிருக்கும், அதில் மூன்று சதவீதம் 540. ஒரு நாள் முழுக்கத் தேயிலை பறித்த கூலியை இதோடு வைத்துப் பாருங்கள். ஊட்டி ரேஸ் கோர்ஸில் (அந்த நிலத்தை அரசு 2024-இல் திரும்ப எடுத்துக்கொண்டது) ஒரு குதிரைப் பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் இடையே அரை மணி நேரமாவது இருந்தது. அதற்குள் ஒரு டீ குடித்து, பையைத் தடவிப் பார்த்து, வீட்டுக்குக் கிளம்பியவர்கள் உண்டு. போனில் அந்த இடைவெளியே கிடையாது.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 2022 ஆம் ஆண்டுச் சட்டப்படி இணையச் சூதாட்டம் ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ரம்மி, போக்கர் திறமை விளையாட்டுகள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றுக்கு விலக்குத் தந்தது. விமானத்தில் திறமை எங்கே இருக்கிறது என்று மேலே பார்த்தோம். 2025 ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்கிறது. அதில் தண்டனை நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிமாற்றம் செய்து தருபவர் ஆகியோருக்கு. இதையெல்லாம் நினைத்துப் பயந்து 1930-க்குப் போன் செய்யாமல் இருந்துவிடாதீர்கள். உங்களிடம் பணம் பறித்தவர் மீது புகார் கொடுக்கிறீர்கள்.

டெலிகிராம் சிக்னல் விஷயம். கைரேகையிலிருந்து விதையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவன் உங்களிடம் 499 ரூபாய் சந்தா கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். ஒரு குழுவுக்கு ஏறும் என்றும் இன்னொரு குழுவுக்கு விழும் என்றும் அனுப்பினால் ஏதோ ஒன்றில் அவன் சொன்னது பலிக்கும். பலித்த குழுவை மறுபடி இரண்டாகப் பிரிப்பான். நாலைந்து முறை போனால் மிச்சமிருக்கும் பத்துப் பேர் அவனைச் சாமியாராகவே பார்ப்பார்கள். அவன் தந்த லிங்க் வழியாகச் சேர்ந்தவர்கள் தோற்கும் பணத்தில் அவனுக்குப் பங்கு கிடைக்கும் ஏற்பாடும் இந்தத் தொழிலில் சகஜம்.

அந்தக் குழுவில் கொடுத்த கணிப்பு ஆப் எதையாவது போனில் ஏற்றியிருந்தால் அதுதான் பெரிய ஆபத்து. இப்படிப்பட்டவை எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டு, ஓடிபி-யை வெளியே அனுப்பிவிடும். நீக்குவதற்கு முன் ஆப்பின் பெயரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புகாருக்கு வேண்டும். பிறகு வீட்டில் வேறொருவர் போனிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். யூபிஐ பின் மாற்றுவதை உங்கள் போனைச் சுத்தம் செய்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.