பொண்ணு ஜியாலஜியில் பிஎச்.டி. சேரலாமா?

நாமக்கல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகள் எம்.எஸ்சி. ஜியாலஜி (பாறை, நிலம் பற்றிய படிப்பு) முடித்து, நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகையும் வாங்கிவிட்டாள், வெளிமாநிலத்தில் பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது. "காடு மலைன்னு ஆம்பளைப் பசங்களோட சுத்தணுமாம், கல்யாண வயசு வேற, அனுப்பலாமா?"

அனுப்பலாம் அம்மா. ஆனால் எங்கே அனுப்புகிறோம் என்பதை விட யாரிடம் அனுப்புகிறோம் என்று பார்த்து அனுப்புங்கள்.

பணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். ஆக உயர்ந்தால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. தொகை சில மாதம் தாமதமாக வரும், அதற்குக் கையில் கொஞ்சம் கொடுத்து அனுப்புங்கள். மற்றபடி உங்களுக்குச் செலவில்லை.

அடுத்து காடு, மலை. பீல்டு, அதாவது வெளியே போய்ப் பாறையைப் பார்க்கும் களப்பணி, வருடம் முழுக்க நடப்பதில்லை. பெரும்பாலும் வருடத்துக்குச் சில வாரங்கள்தான். மீதி நாளெல்லாம் கொண்டுவந்த பாறையை மெல்லியதாக அறுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதும், கணினி முன் உட்கார்வதும்தான். உங்கள் ஊர்ப் பக்கம் சித்தம்பூண்டியில் இருக்கும் பாறையைத்தான் சந்திரயான்-2க்காக நிலவு மண் மாதிரி தயாரிக்க இஸ்ரோ எடுத்துப்போனது. அந்த வெயிலில் வளர்ந்த பெண்ணுக்கு வெயில் ஒரு பிரச்சினையா? சுதீப்தா சென்குப்தா என்ற ஜியாலஜிஸ்ட் 1983இலேயே இந்தியக் குழுவோடு அண்டார்டிகாவுக்குப் போய்ப் பாறையை ஆராய்ந்தவர், கூடப் போன அதிதி பந்த் கடலியல் படித்தவர். (இதில் வேடிக்கை, பனிக்கண்டத்துக்குப் போக முடிந்த நாட்டில், நிலத்தடிச் சுரங்கத்துக்குள் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற 1952 சுரங்கச் சட்டத்தின் தடையைத் தளர்த்த 2019 வரை ஆனது.)

பீல்டில் உண்மையான கஷ்டம் கழிப்பறை. இதை யாரும் அட்மிஷன் சமயத்தில் சொல்வதில்லை. ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மலையேறி, நீர்க்கடுப்போடு ஹாஸ்டல் திரும்பிய மாணவிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குழுவில் இன்னொரு பெண் இருந்தால், "வண்டியை இங்கே நிறுத்துங்க" என்று சொல்லும் தைரியம் தானாக வந்துவிடும். மாதவிடாய் நாட்களுக்கு, நாப்கினுக்குப் பதிலாக உள்ளே வைக்கும் கப் பழகிக்கொள்ளட்டும், ஆனால் பீல்டுக்குப் போவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வீட்டில் பழக வேண்டும், மலையுச்சியில் ஆரம்பிக்கக் கூடாது. தள்ளிப்போடும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். துறையின் கடிதம் ஒன்று பையில் இருக்கட்டும், போகும் ஊரில் பஞ்சாயத்துத் தலைவரிடம் சொல்லிவிட்டு, உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் "யாரும்மா நீ, இங்க என்ன பண்றே?" என்ற விசாரணை பாதி குறையும்.

இப்போது கைடு, அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர். என்னிடம் வந்த ஒரு மாணவியின் கைடு நல்ல மனிதர், அப்பா மாதிரி பார்த்துக்கொண்டார். "நீ லேப்பிலேயே இரும்மா, சாம்பிளைப் பசங்க எடுத்துட்டு வருவாங்க." வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். நான்கு வருடம் கழித்து வைவா என்ற வாய்மொழித் தேர்வில், இந்தப் பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, பக்கத்துப் பாறையோடு எப்படிச் சேர்ந்திருந்தது என்று கேட்டபோது அவளால் பதில் சொல்ல முடியவில்லை, பார்த்தால்தானே சொல்ல முடியும். கட்டுரையிலும் முதல் பெயர் பீல்டுக்குப் போன பையனுடையது. யாரும் அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை, ஆனால் நடந்தது கெடுதல்தான். அதனால் தயவுசெய்து நீங்களே கைடுக்கு போன் செய்து "பொண்ணை வெளியே அனுப்பாதீங்க சார்" என்று கேட்டுவிடாதீர்கள்.

வேறு மாதிரி கைடுகளும் உண்டு, உங்கள் பயம் அதுதான் என்று தெரிகிறது. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 பாலியல் தொல்லைத் தடுப்பு விதிகளில் வளாகம் என்றால் காம்பவுண்டுச் சுவர் மட்டுமில்லை, பீல்டு டிரிப்பும் அதில் சேர்த்திதான். தொல்லை மலையில் நடந்தாலும் கல்லூரியின் உள் புகார்க் குழு விசாரித்தாக வேண்டும். அந்தக் குழுவின் எண்ணை முதல் நாளே போனில் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்காக ஆராய்ச்சியை விட வேண்டியதில்லை. யு.ஜி.சி. விதிப்படி பிஎச்.டி. காலத்தில் ஒருமுறை 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு, முடிக்க ஆண்களை விட இரண்டு வருடம் கூடுதலாகவும் தருகிறார்கள். கல்யாணமாகி ஊர் மாறினால் ஆராய்ச்சித் தரவை வேறு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகவும் வழி இருக்கிறது, அது பழைய இடத்தின் புராஜெக்ட்டைச் சேர்ந்ததாக இல்லாதவரை. மாப்பிள்ளை வீட்டில் பீல்டு பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறைத்து வைத்துப் பிறகு சொன்னால் சண்டைதான்.

வேலைக்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு இருக்கிறது. 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன் வழியாக ஆள் எடுக்கிறார்கள், பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. பொதுப் பிரிவில் வயது வரம்பு 32. பிஎச்.டி. முடிக்கவே 28, 29 ஆகிவிடும், ஆகையால் முடித்த பிறகு பார்க்கலாம் என்று விடாமல் நடுவிலேயே எழுதட்டும்.

சேரும் தேதிக்கு முன், அந்தக் கைடிடம் படித்து முடித்த ஒரு பெண்ணிடமும், முடிந்தால் பாதியில் விட்டுப்போன ஒரு பெண்ணிடமும் உங்கள் மகள் போனில் பேசட்டும். பீல்டில் எங்கே தங்கினீர்கள், வண்டி இருந்ததா, யார் கூட வந்தார்கள், கட்டுரையில் யார் பெயர் முதலில் வந்தது, ஏன் விட்டீர்கள் என்று கேட்கட்டும். அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் உட்காராதீர்கள் அம்மா. நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தால் அவர்கள் முழுசாகச் சொல்ல மாட்டார்கள்.