மேஃப்ளவர் கப்பலில் வந்த ஹாப்கின்ஸ்: ஊரும் குணமும்

கேள்வி: 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்காவில் குடியேறிய ஸ்டீபன் ஹாப்கின்ஸ், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே பெர்முடாத் தீவில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர் என்று படித்தேன். இருவரும் ஒருவர்தானா? நானூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சாதாரணக் குடியேறியின் பூர்வீகத்தையும் குணத்தையும் எதைக் கொண்டு சொல்கிறார்கள்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: ஒருவரே என்றுதான் நானும் கொள்கிறேன். முதலில் பூர்வீகத்தைப் பார்ப்போம். நெடுங்காலமாக வம்சாவளி நூல்கள் அவரை இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதிக்காரர் என்றே எழுதிவந்தன. ஆனால் ஒரே பெயரில் பலர் வாழும் நாட்டில் பெயர்ப் பொருத்தத்தை மட்டும் நம்பி ஊரை முடிவு செய்வது, முருகன் வீடு எங்கே என்று ஊர் ஊராக விசாரிப்பதற்குச் சமம்.

உண்மையான விடையைக் காட்டியவை அவருடைய பிள்ளைகளின் பெயர்களே. கேலெப் ஜான்சன் என்ற ஆய்வாளர் 1998-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பின்படி, இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹர்ஸ்லி ஊரின் தேவாலயப் பதிவேட்டில், ஸ்டீபன் ஹாப்கின்சின் பிள்ளைகளாக எலிசபெத், கான்ஸ்டன்ஸ், ஜைல்ஸ் ஆகிய மூவரின் ஞானஸ்நானம் பதிவாகியிருக்கிறது. இவர்களில் கான்ஸ்டன்சும் ஜைல்சும் மேஃப்ளவரில் தந்தையோடு வந்தவர்கள். தாய் மேரி 1613 மே மாதம் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டாள். அவளுடைய சொத்துக் கணக்கு அவளை விதவை என்று குறிக்கிறது, கணவரோ அப்போது உயிரோடுதான் இருந்தார்! கடல் கடந்து போனவர் திரும்பமாட்டார் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது போலும்.

இந்த இடத்தில்தான் பெர்முடாக் கதை வந்து பொருந்துகிறது. 1609-இல் வர்ஜீனியாவுக்குப் புறப்பட்ட ‘சீ வெஞ்சர்’ கப்பல் புயலில் சிக்கிப் பெர்முடாவில் தரைதட்டியது. பாதிரியாருக்கு உதவியாளராக இருந்த ஹாப்கின்ஸ், கப்பல் உடைந்ததோடு ஆளுநரின் அதிகாரமும் தீர்ந்தது என்று வேதத்தையும் நியாயத்தையும் காட்டி வாதாடினார். கலகம் செய்ததாகத் தீர்ப்பாகி, தூக்கை எதிர்நோக்கி நின்றபோது, தன் மனைவி மக்கள் நாசமாவார்கள் என்று அழுது மன்றாடி மன்னிப்புப் பெற்றார் என்று உடனிருந்த வில்லியம் ஸ்ட்ரேச்சி எழுதியுள்ளார். அந்த ஆண்டில் ஹர்ஸ்லியில் அவருக்காகக் காத்திருந்தவர்கள் ஒரு மனைவியும் மூன்று சிறு பிள்ளைகளும்.

ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள் கழித்து, குடியேற அனுமதித்த உரிமப் பத்திரத்தின் எல்லைக்கு வெளியே தங்களை ஆளும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்ற முணுமுணுப்பு மேஃப்ளவரிலும் எழுந்தது. அதை அடக்கவே நவம்பர் 11 அன்று 41 ஆண்கள் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஹாப்கின்சும் அவர்களில் ஒருவர். முணுமுணுத்தவர் யார் என்று, உடன் வந்து அந்தக் குடியேற்றத்தின் வரலாற்றை எழுதிய வில்லியம் பிராட்ஃபோர்டு பெயர் சொல்லவில்லை. ஆனால் வாதத்தின் வாசனை பழகியதாகவே எனக்குப் படுகிறது.

குணத்தை எடைபோடுவதில் நிதானம் வேண்டும், ஏனெனில் வழக்கேடு ஒரு மனிதனைச் சண்டைநாளில் மட்டுமே சந்திக்கிறது. மேஃப்ளவர் பயணிகள் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் ஏடுகளை மட்டும் படித்தால், ஒருவரை அடித்ததற்கும், ஞாயிற்றுக்கிழமையில் தம் வீட்டில் குடிக்கவும் விளையாடவும் விட்டதற்கும், ஒன்பது பென்ஸ் பெறுமான முகக்கண்ணாடியைப் பதினாறு பென்சுக்கு விற்றதற்கும் மன்றம் ஏறிய மனிதர் மட்டுமே தெரிவார். அதே மனிதரின் வீட்டில்தான் 1621 மார்ச்சில் ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்து நின்ற பூர்வகுடி மனிதர் சாமோசெட்டை இரவு தங்க வைத்தார்கள். வாம்பனோக் பூர்வகுடித் தலைவர் மசசோயிட்டைக் காண, சக குடியேறி வின்ஸ்லோவுடன் அனுப்பப்பட்டவரும் இவர்தான். 1636 வரை ஆளுநரின் துணைவர் குழுவிலும் இருந்தார்.

என்றாலும் ஒரு வழக்கை என்னால் சுலபமாகத் தாண்ட முடியவில்லை. அவர் வீட்டுப் பணிப்பெண் டாரதி டெம்பிள் கர்ப்பமானாள். காரணமானவன் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டிருந்தான். ஒப்பந்தக் காலம் முடியும்வரை தாயையும் குழந்தையையும் ஹாப்கின்சே பராமரிக்க வேண்டும் என்று மன்றம் உத்தரவிட்டது. அவர் மறுத்துக் காவலில் வைக்கப்பட்டார். பிறகு மூன்று பவுனும் வேறு சிலவும் கொடுத்து அவளை இன்னொருவரிடம் ஒப்படைத்தார். பெர்முடாவில் தன் பிள்ளைகளைச் சொல்லி உயிர்ப்பிச்சை கேட்டவரும் இவரேதான்.