ரெண்டு பேருக்கும் ஒரே ரூம் கேட்கலாமா?

கேள்வி: நானும் என் பார்ட்னரும் ஆம்பளைங்க. ஒரே ரூம் எடுத்து பயமில்லாம பீச்ல சுத்தற மாதிரி ஊர் சொல்லுங்க சார். – வாசகர், மதுரை

பதில்: தாய்லாந்து போங்க தம்பி. 2025 ஜனவரி 23-லேர்ந்து அங்க ஆணும் ஆணும் சட்டப்படியே கல்யாணம் பண்ணிக்கலாம், ஒளிஞ்சு ஒளிஞ்சு இருந்ததெல்லாம் போதும், டபுள் பெட்னு தைரியமா கேளுங்க. பாங்காக்ல சீலோம் ஏரியாவுல தங்குங்க, ராத்திரி சோய் 4 சந்துல வெளிய டேபிள் போட்டு ஜோடி ஜோடியா உக்காந்து பேசிட்டிருப்பாங்க, அதே சீலோம் ரோட்டுல நம்ம தமிழங்க கட்டின மாரியம்மன் கோயில் இருக்கு, சேர்ந்தே போய் கும்பிட்டு வாங்க. பீச்சுக்கு பட்டாயா பக்கத்துல ஜோம்தியன், அதுல டோங்தான் பீச்னு கேளுங்க, மரநிழல், வாடகைக்கு சாய்வு நாற்காலி, நம்மள மாதிரி ஜோடிங்க நிறைய. கோயில்ல மட்டும் கட்டிப்பிடிக்கறது வேணாம், அது யாரா இருந்தாலும் அங்க பிடிக்காது.