உபுண்டு 22.04-ல் 'சிஸ்சிடிஎல் ஹெட்டர் இல்லை' பிழை: குளச்சல் மீன் ஏலக் கணக்கு நிரல்

குளச்சல் மீன் ஏலக் கணக்கு போடும் உங்க சி நிரல், உபுண்டு 22.04-ல் சிஸ்சிடிஎல் ஹெட்டர் (sys/sysctl.h) இல்லைன்னு கம்பைல் ஆகாம நிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. அந்த ஹெட்டரைச் சேர்க்கும் வரியை எடுத்துவிடுங்க; எந்த பேக்கேஜ் போட்டாலும் அது திரும்ப வராது. 20.04-ல் கம்பைல் ஆன உங்க நிரல் இப்போ நிற்கக் காரணம், லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி (glibc) அதன் 2.32 பதிப்பில் (2020) அந்த ஹெட்டரோடு சிஸ்சிடிஎல் ஃபங்ஷனையும் நீக்கியதுதான். 22.04-ல் இருப்பது ஜிலிப்சி 2.35.

முதல்ல சோர்ஸ் முழுக்க சிஸ்சிடிஎல்-னு கிரெப் (grep, சொல் தேடும் கட்டளை) போட்டுப் பாருங்க. பெரும்பாலும் ஹெட்டர் மட்டும் சும்மா கிடக்கும். ஃபங்ஷனையும் கூப்பிட்டிருந்தா, சிபியூ கோர் எண்ணிக்கைக்கு சிஸ்கான்ஃப் (sysconf) ஃபங்ஷன் போதும். கெர்னல் அமைப்புகளை ப்ராக்-குள்ள இருக்கிற சிஸ் ஃபோல்டர் (/proc/sys) ஃபைல்களிலிருந்து நேரே படிக்கலாம்.

ஹெட்டர்களுக்கான லினக்ஸ் ஃபோல்டரில் அதே பெயரில் இன்னொரு ஹெட்டர் (linux/sysctl.h) உண்டு. தயவுசெய்து அதை மாட்டாதீங்க: சி நிரல் எச்சரிக்கையோடு கம்பைல் ஆகும், ஆனா லிங்க் பண்ணும்போது விழுந்திரும்.

மேக்கிலும் பில்ட் பண்ணுவீங்கன்னா வரியை அழிக்க வேண்டாம். லினக்ஸ் அல்லாத இடத்தில் மட்டும் சேரும்படி அந்த வரியைச் சுற்றி இஃப்-என்டிஃப் (#if … #endif) போடுங்க.