இசைக் கம்பெனி வாசலை மிதிக்காமல், தன் கொள்கையை மட்டுமே பாடி ஒரு பாடகர் பிழைக்க முடியுமா?

முடியும். அப்படிப் பிழைத்த ஒருவரின் ஊரில் நான் இரண்டு குளிர்காலம் குடியிருந்தேன். ஆனால் கேள்வியில் "மட்டுமே" என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்களே, அதோடு எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊர் பஃபலோ. நியூயார்க் மாநிலத்தின் மேற்கு ஓரம், நயாகரா அருவிக்கு அரை மணி நேரத் தூரம். அலுவலக வேலையாகப் போனேன். நவம்பரில் ஆரம்பிக்கும் பனி ஏப்ரல் வரை விடாது. ஒரு சனிக்கிழமை இரவு, கூட வேலை பார்த்தவர் "சும்மா அறையில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய்" என்று டெலவேர் அவென்யூவில் ஒரு கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனார். போய் இறங்கினால் எதிரே கல்லால் கட்டிய பழைய தேவாலயம். உள்ளே பலிபீடம் இருந்திருக்க வேண்டிய பக்கத்தில் மேடையும் ஸ்பீக்கர்களும் இருந்தன. ஜனங்கள் கையில் பீர் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தார்கள். அன்றைக்குப் பாடியவர் பெயர்கூட இப்போது நினைவில் இல்லை. இடைவேளையில் "இந்தக் கட்டடம் யாருடையது?" என்று கேட்டேன். "ஆனியுடையது" என்றார், ஏதோ எனக்கும் பழக்கப்பட்ட பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல.

ஆனி டிஃப்ராங்கோ, நான் சொன்ன அந்தப் பாடகர். முதல் பெயரை நம் ஆனி மாதத்தைப் போலவே உச்சரிக்க வேண்டும். (பிறந்தது என்னவோ புரட்டாசியில், 1970 செப்டம்பர் 23.) ஒன்பது வயதில் கிதார் எடுத்தார். மைக்கேல் மெல்ட்ரம் என்ற உள்ளூர்ப் பாடகர் கூட்டிக்கொண்டு போய் பார்களில் பாட வைத்தார். பதினைந்து வயதில் அம்மா வேறு மாநிலத்துக்குக் குடிபெயர, இவர் கூடப் போகவில்லை. சட்டப்படி தனக்குத் தானே பொறுப்பாளர் என்று எழுதி வாங்கிக்கொண்டு தனியாக இருந்துவிட்டார். நம் வீடுகளில் பதினைந்து வயதுக்குப் பால் வாங்கக்கூடத் தனியாக அனுப்ப யோசிப்போம்.

இருபது வயதில் ஒரு கிதார், ஒரு குரல், அவ்வளவுதான், முதல் ஆல்பம். 500 கேசட் போட்டார். கச்சேரி முடிந்ததும் மேடையோரம் நின்று விற்பார். தீர்ந்ததும் மறுபடி போடுவார். இதற்கென்று ஒரு கம்பெனிப் பெயர் தேவைப்பட்டது, வைத்துக்கொண்டார். அதுதான் பின்னால் ரைட்டியஸ் பேப் ரெக்கார்ட்ஸ் ஆனது. 'நியாயவாதிப் பொண்ணு' என்று பெயர்த்தால் அதிலுள்ள குறும்பில் பாதியாவது வரும். கேசட் வேண்டுமானால் ஃபோன் போட்டும் கேட்கலாம்: 1-800 என்று தொடங்கும் இலவச எண், மீதியை அங்கே எழுத்துகளாகச் சொல்வார்கள், "ஆன் ஹெர் ஓன்" என்று வரும். சொந்தக் காலில் நிற்பவள். தொலைபேசி எண்ணையே கொள்கை அறிக்கையாக வைத்துக்கொண்ட வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

இங்கே கொஞ்சம் கணக்குப் பேச வேண்டும், இல்லாவிட்டால் "கம்பெனி வேண்டாம் என்றார்" என்பது வெறும் வீறாப்பாகத் தெரியும். பெரிய இசை நிறுவனம் ஒரு புதுப் பாடகருக்கு முன்பணம் தரும். செங்கல் சூளை முன்பணம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவுச் செலவு அந்தப் பணத்தில்தான் போகும், விளம்பரச் செலவிலும் ஒரு பங்கு அவர் தலையில் விழும். ஆல்பம் விற்று வரும் பங்கில் முதலில் அந்தக் கடன் கழியும், அப்புறம்தான் பாடகர் கையில் காசு. பல பேருக்குக் கழியவே கழியாது. கடன் கழிந்தாலும் ஒலிப்பதிவின் உரிமை நிறுவனத்திடமே இருக்கும். லட்சக்கணக்கில் விற்ற பாடகர் வாடகைக்குத் தவிப்பது அப்படித்தான்.

ஆனியின் வழி வேறு. முன்பணம் இல்லை, ஆகவே ஸ்டுடியோவில் நாள்கணக்கில் உட்கார முடியாது. சீக்கிரம் பதிவு செய்தாக வேண்டும். காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கல்லூரிகளிலும் பார்களிலும் பாட வேண்டும். ஆனால் விற்ற ஒவ்வொரு கேசட்டுக்கும் வரும் பங்கு பெரிது, உரிமை முழுவதும் சொந்தம். 1990களில் பெரிய நிறுவனங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றன. போகவில்லை. தன்னை வாங்க முடியாத ஒரு பணக்கார அதிகாரியைப் பார்த்துப் பாடுவதுபோல 1995 ஆல்பத்தில் ஒரு பாட்டே இருக்கிறது. கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்; வயிற்றெரிச்சலும் கொஞ்சம் வரும், நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

1997இல் ஒரு வேடிக்கை நடந்தது. 'மிஸ்' என்ற புகழ்பெற்ற பெண்ணியப் பத்திரிகை, வருங்காலத்துக்கான பெண்ணியவாதிகள் என்று ஒரு பட்டியல் போட்டு அதில் இவரையும் சேர்த்தது. சேர்த்ததற்குச் சொன்ன காரணம் இவருடைய வருமானம்: ஒரு ஆல்பத்துக்கு இவருக்கு 4.25 டாலர் கிடைக்கிறது, அன்றைக்குக் கொடிகட்டிப் பறந்த ஹூட்டி அண்ட் த ப்ளோஃபிஷ் குழுவுக்கு 1.25தான் கிடைக்கிறது. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். இவர் ஆசிரியர் குழுவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பணத்தின் மயக்கத்தில் விழாமல் இருக்கத்தானே இத்தனை வருடம் பாடுபட்டேன், நீங்களுமா என்னை டாலரால் அளக்கிறீர்கள் என்பதுதான் சாரம். பாட்டு எழுதுபவள், கதை சொல்பவள் என்று சொல்லுங்கள், போதும் என்றார்.

இந்தக் கடிதத்தை முதன்முறை படித்தபோது, "சும்மா சீன் போடுகிறார்" என்றுதான் நினைத்தேன். 4.25 வருகிறவர் 4.25 பெரிதல்ல என்று சொல்வது சுலபம்தானே. அந்த எண்ணம் மாறியது தேவாலயத்தால். 1876இல் கட்டியது அது. 1990களில் இடித்துத் தள்ளிவிடலாம் என்கிற நிலைக்கு வந்துவிட்டது. பஃபலோ ஒரு காலத்தில் எஃகும் தானியக் கிடங்குமாகக் கொழித்த ஊர். ஆலைகள் மூடியபின் ஆள்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். நியூயார்க் நகரத்துக்கோ லாஸ் ஏஞ்சல்ஸுக்கோ கம்பெனியை மாற்றிக்கொண்டிருந்தால் தொழிலுக்கு வசதி. மாற்றவில்லை. அட்டை அச்சடிப்பு, டி-ஷர்ட் எல்லாம் முடிந்தவரை உள்ளூர்க்காரர்களிடமே கொடுத்தார்கள். கடைசியில் அந்தத் தேவாலயத்தையும் வாங்கிப் பழுது பார்த்து, கம்பெனி அலுவலகத்தையும் கச்சேரி மண்டபத்தையும் அதிலேயே வைத்தார்கள், ஒரு கலைக்கூடத்துக்கும் இடம் கொடுத்தார்கள். இப்போது அவர் வசிப்பது நியூ ஆர்லியன்ஸில். ஆனாலும் அந்த வாசலில் இன்னும் ஆள் வந்து போகிறார்கள். அந்த 4.25இல் ஒரு சில்லறை அந்தக் கூரை ஓட்டில் இருக்கிறது என்று தெரிந்தபின் கடிதத்தை வேறு மாதிரி படித்தேன்.

சரி, பாட்டுக்கு வருவோம். கொள்கை என்றால் என்ன பாடினார்? முதல் ஆல்பத்திலேயே கருக்கலைப்பு பற்றி ஒரு பாட்டு. முழக்கம் ஏதும் இருக்காது. மருத்துவமனை வாசலில் கோஷம் போடுகிறவர்களைத் தாண்டி ஒரு பெண் உள்ளே நடந்து போகிறாள், அதுதான் பாட்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, நாடே கொடி பிடித்துக்கொண்டு நின்றபோது, போருக்கு எதிராக ஒரு நீண்ட கவிதையை மேடை மேடையாகச் சொன்னார். யூட்டா ஃபிலிப்ஸ் என்று ஒரு பெரியவர், கொரியப் போரில் சிப்பாயாக இருந்து பிறகு அமைதிவாதியாகவும் தொழிற்சங்கவாதியாகவும் மாறிய கதைசொல்லி. அவருடைய மேடைப் பேச்சுகளை வாங்கி, பின்னால் தாளம் சேர்த்து 1996இல் ஆல்பமாக்கினார். நாடோடிகள், சரக்கு ரயிலில் திருட்டுப் பயணம் போனவர்கள், வேலைநிறுத்தம் செய்தவர்கள் பற்றிய கிழவரின் கதைகளை இருபது வயதுப் பிள்ளைகள் கேட்டார்கள். என்னைக் கேட்டால் ஆனியின் வேலையிலேயே உருப்படியானது இதுதான் என்பேன். 2012 ஆல்பத்தில், கென்டக்கி மாநிலத்தின் ஹார்லன் கவுண்டி சுரங்கத் தொழிலாளர் போராட்டத்தில் 1931இல் பிறந்த ஃப்ளாரன்ஸ் ரீஸின் பாட்டை எடுத்து இந்தக் காலத்துக்கு வரி மாற்றிப் பாடினார். அதில் பாஞ்சோ என்ற கம்பி வாத்தியம் வாசித்தது, தொண்ணூறைத் தாண்டிய நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர்.

இப்போது அந்த "மட்டுமே". 1996இல் வந்த 'டைலேட்' ஆல்பம் பெரும்பாலும் காதல் வலி. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 87ஆம் இடம்வரை போனது, அதுவரை அவர் தொட்டிராத உயரம். "என்ன, போராட்டத்தை விட்டுவிட்டுப் புலம்ப ஆரம்பித்துவிட்டாயே" என்று முணுமுணுத்தவர்கள் அவருடைய ரசிகர்களேதான். அடுத்தது இன்னும் மோசம். பெண்களையும் ஆண்களையும் காதலித்ததாக வெளிப்படையாகப் பாடியவர் 1998இல் ஒரு ஆணைக் கல்யாணம் செய்துகொண்டார். துரோகம் என்றே சிலர் கோபித்துக்கொண்டார்கள். கம்பெனி முதலாளி இல்லாத பாடகருக்கு அரங்கத்தில் ஆயிரம் முதலாளிகள். கொள்கையை மட்டுமே பாடு என்று கேட்டது சந்தை அல்ல, ரசிகர்கள். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முப்பது வருடம் தாக்குப்பிடித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஆனால் ரசிகர்கள் சரியாகப் பிடித்த ஓர் இடமும் உண்டு, அதை மறைத்துவிட்டுப் பாராட்டினால் பதில் முழுமையாகாது. 2013 டிசம்பரில், பாட்டு எழுதக் கற்றுத்தரும் முகாம் ஒன்றை அறிவித்தார். இடம், லூசியானாவின் நாட்டோவே தோட்ட மாளிகை. 150க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்த கரும்புத் தோட்டக்காரர் கட்டிய வீடு, அப்போது சொகுசு விடுதி. கறுப்பினப் பெண்கள் கொதித்துப்போய்க் கேட்டார்கள்: எங்கள் முன்னோர் சாட்டையடி வாங்கிய இடத்தில் உட்கார்ந்து நீதிப் பாட்டு எழுதுவதா? முகாமை ரத்து செய்தார். ஆனால் ரத்து அறிவிப்பில் மன்னிப்பைவிட விளக்கம் அதிகம், அதில் கொஞ்சம் கடுப்பும் தெரிந்தது. அதற்கும் அடி விழுந்தது. சில நாள் கழித்துத்தான், சுருக்கமாக, விளக்கம் எதுவும் ஒட்டாத மன்னிப்பு வந்தது. பிடித்தவர் தடுமாறும்போது நமக்கு வரும் சங்கடம் இருக்கிறதே, முதல் அறிவிப்பைப் படித்தபோது எனக்கு அது வந்தது. அந்த மாளிகை 2025 மே மாதம் தீப்பிடித்து எரிந்துபோனது.

பிழைப்பு எப்படி என்று கேட்டிருந்தீர்கள், கைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எப்படி. ஆனி கிதார் வாசிப்பது கம்பியை மீட்டுவதுபோல இருக்காது. தாளமும் அதிலேயே வந்துவிடும், பின்னால் யாரோ தட்டுவது போலிருக்கும். அதற்குச் சொந்த நகம் தாங்காது என்று ஒட்டு நகம் வைத்து, அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொள்வார். ஊர் திரும்பியபின் நானும் முயன்றேன். ஃபேன்சி ஸ்டோரில் ஒட்டு நகம், ஹார்டுவேர் கடையில் டேப், நடுவில் ஃபெவிக்விக். கோயம்புத்தூர் சித்திரை வெயிலில் கால் மணி நேரத்தில் டேப் வியர்வையில் நழுவியது, பசை ஆறு கம்பியிலும் இழுபட்டது, கட்டைவிரல் நகம் ஆட்காட்டி விரலோடு ஒட்டிக்கொண்டது. மனைவி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனாள். அந்தக் கையோடு வருடத்துக்கு நூறு இரவாவது மேடையேறினால் என்ன ஆகும் என்று அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது. 2005இல் தசைநார் அழற்சி வந்து, அவரே கச்சேரிகளை நிறுத்திக் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டியிருந்தது.

கம்பெனியும் வளர்ந்தது, மற்றவர்களுடைய ஆல்பங்களையும் வெளியிட்டது. அனாயிஸ் மிட்சல் என்ற பாடகியின் 'ஹேடிஸ்டவுன்' 2010இல் அங்கேதான் வந்தது; கிரேக்கப் புராணத்துப் பாதாள ராணி பெர்செஃபோனியாக அதில் பாடியவர் ஆனி. அது பின்னால் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் நாடகமாகிப் பெரிதாக ஓடியது. 2024இல், ஐம்பத்து மூன்று வயதில், அதே ராணியாக பிராட்வே மேடை ஏறினார்.

எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். 1997இல் வந்த 'லிவிங் இன் க்ளிப்', இரட்டை நேரலை ஆல்பம். இடையிடையே அவர் பேசுவதும் சிரிப்பதும் அப்படியே இருக்கும், ஓரிரு இடத்தில் பஃபலோ சிம்பொனிக் குழுவே கூட வாசிக்கும். ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுவிடாதீர்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் நகம் கம்பியில் அறைவது தனியாகக் கேட்கும்.